பின்களக்காரிக்கு ஒரு கலியாண வீடியோ

அந்த வீடியோவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொடக்கத்திலேயே மேலிருந்து ரோசாப்பூ இதழ்கள் கொட்டும். இதழ்களுக்கு நடுவே ஒரு இதயம் விரியும். அந்த இதயத்துக்குள் மூக்கில் வெயில் பட்டுத் தோல் உரிந்த ஒரு அயர்லாந்துக்காரி, வியர்வையோடு தலைமயிரை இழுத்துக் கட்டிக்கொண்டு நிற்பாள். பின்னணியில் சினிமாக் காதல் பாட்டு ஓடும். அவள் தன் நாட்டுக்காகத் தொடர்ந்து உதைபந்தாடலாமா, வீட்டுக்குப் போகலாமா என்பதைத் தீர்மானிக்கப்போன வீடியோ அது.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். பகல் முழுக்க ஒரு ரெலிபோன் கம்பெனிக்காக ஊர் பேர் தெரியாத ஆட்களிடம் திட்டு வாங்குவது என் வேலை. அந்தத் திட்டையெல்லாம் இறக்கி வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. கிழமையில் இரண்டு பின்னேரம் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம் என்று ஒரு கழகத்தின் பெண்கள் அணியில் வலது பின்களத்தில் ஆடிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அதைக் கண்ணிலும் காட்டக் கூடாது. "கலியாணம் கட்டுற வயசில காற்சட்டையோட பந்துக்குப் பின்னால ஓடுது" என்று ரெலிபோனில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் முறைப்பாடு வைப்பார்.

ஒரு பிறந்தநாள் வீட்டில் என் மாமா எல்லாருக்கும் முன்னால் கேட்டார். "பிள்ளை, இந்த வருசம் எத்தனை கோல் அடிச்சனி?"

"நான் அடிக்கிறேல்லை மாமா. மற்றவை அடிக்காமப் பாக்கிறது என்ர வேலை."

"அப்ப சும்மா நிக்கிறனி எண்டு சொல்லு."

சபை சிரித்தது. எனக்கு அந்தக் கேக்கைத் தூக்கி அவருடைய தலையில் கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது. பின்களத்தில் நிற்கிறவளுக்கு உலகம் தருகிற மரியாதை இவ்வளவுதான். பிழை விட்டால் மட்டும் அவளை ஊருக்கே தெரியும். சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது, நடக்காத ஒன்றுக்கு யார் கைதட்டுவார்கள்?

அந்த வருடத்து வசந்தத்தில்தான் அயர்லாந்துக்காரி எங்கள் அணிக்கு வந்தாள். நடுப் பின்களம். பதினெட்டு வயதிலிருந்து தன் நாட்டுப் பெண்கள் குழுவில் ஆடியவள். அப்படி ஒருத்தி எங்களோடு வந்து குந்தி, அதே அழுக்கு வாங்கில் இருந்து சப்பாத்துக் கட்டுகிறாள் என்பதை முதல் கிழமை நாங்கள் யாரும் நம்பவில்லை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் கார்டறி என்கிற ஒரு பிள்ளைக் காப்பகத்தில் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்து, சாப்பாடு தீத்தி, நித்திரையாக்குவது அவளுடைய பகல் வேலை. அங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் பயிற்சிக்கு வருவாள்.

அவளோடு நான் ஆங்கிலத்தில்தான் கதைத்தேன். ஆனால் என் ஞாபகத்தில் அவள் எங்கட தமிழில்தான் பேசுகிறாள், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

தன் கதையை அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். சின்ன வயதில் தெருவில் ஆண் பிள்ளைகளோடு ஆடினாளாம். பன்னிரண்டு வயதானதும் இனிமேல் சேர்ந்து ஆடக் கூடாது என்று சட்டம் காட்டி வெளியே நிற்பாட்டினார்களாம். பெண்கள் அணி இருந்த பக்கத்து ஊருக்குச் சைக்கிளில் போனாள். முன்வரிசையில் ஆட ஆசைப்பட்டவளை, உயரம் என்ற ஒரே காரணத்துக்காகப் பின்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்ற பிறகுதான் மைதானம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது என்று அவளுக்குப் பிடித்துப்போனது. நாட்டுக்கு ஆடப் போகிற ஒவ்வொரு முறையும் வேலையில் சம்பளம் இல்லாத லீவு. அப்படி லீவு கேட்டுக் கேட்டே ஒரு சுப்பர் மார்க்கெட் வேலை பறிபோனது. அது போன பிறகுதான் விசா எடுத்துக்கொண்டு இங்கே வந்தாள். இங்கே பெண்களுக்கு நல்ல கோடைகால லீக் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நாட்டுக்கு விளையாடினா வேலை தருவினம்" என்றேன் நான், விவரம் கெட்டதனமாக.

"ஆம்பிளையளுக்குத் தருவினம். எங்களுக்கு ஒரு சான்விச் தருவினம்" என்றாள்.

அவள் வந்த பிறகு எங்கள் பின்களம் பின்களமாக மாறியது. நான்கு பேரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அவள் சொல்லும் கணத்தில் நான்கு பேரும் ஒன்றாக முன்னால் ஏற வேண்டும். அப்போது எதிரணி முன்வரிசைக்காரி எங்களுக்குப் பின்னால் தனியாக அகப்பட்டு நிற்பாள், நடுவரின் துணையாள் கொடியைத் தூக்குவார், ஓஃப் சைட். ஒருத்தி ஒரு அடி பிந்தினாலும் கதை கந்தல். எல்லாம் அவளுடைய குரலில்தான் இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் கத்தினாலும் பிரெஞ்சில் கத்தினாலும் மொன்றியலில் எதிரணிக்கும் விளங்கிவிடும். ஒரு நாள் என்னிடம், "உங்கட பாஷையில இதுக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டாள். "ஏறு" என்றேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவள் "ஏறு" என்று கத்த, இடது பின்களத்துக் கியூபெக்காரியும் மற்ற நடுப் பின்களத்து ஹெயிட்டிக்காரியும் நானும் ஏறினோம். பிறகு "விடு" வந்தது, "பின்னால" வந்தது, "என்ர" வந்தது. அந்தக் கோடையில் எங்களுக்கு எதிராகக் கோல் அடிக்க எல்லா அணியும் பட்ட பாட்டை நாய் படாது.

ஆவணி மாதம் அவளுடைய நாட்டுக் குழுவின் மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. இலையுதிர் காலத்தில் ஐரோப்பியத் தகுதி ஆட்டங்கள் இருக்கின்றன. கனடாவுக்கு ஆள் அனுப்பி அவளைப் பார்க்க அவர்களுக்கு வசதியில்லை. முழு ஆட்டம் ஒன்றின் வீடியோவை மாத முடிவுக்குள் அனுப்பினால் பார்த்து முடிவெடுப்பார்கள். அனுப்பாவிட்டால் வேறு ஒருத்தியை எடுப்பார்கள். அத்தனை வருடம் ஆடியவளிடம் இப்படிக் கேட்டார்கள். எனக்கு அப்போதே விசர் ஏறியது. அவள் கோபப்படவில்லை. "என்ர கடைசிச் சந்தர்ப்பம் இது. இதில என்னை விட்டினம் எண்டா பேந்து கூப்பிடாயினம். எனக்கு இருபத்தெட்டு" என்றாள்.

எங்கள் கழகத்திடம் ஒரு நல்ல கமரா இருந்தது. அதை ஒரு நீட்டுக் கம்பத்தின் உச்சியில் பூட்டி, முழு மைதானமும் தெரியத்தக்கதாக ஆண்கள் அணியின் ஆட்டங்களைப் பதிவார்கள். கழகத் தலைவர் வீடு விற்கிற தரகர், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறவர். நாங்கள் இருவரும் போய்க் கேட்டோம். "கட்டாயம். எங்கள் கழகத்துக்கே பெருமை" என்று பிரெஞ்சில் சொல்லி, அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, எங்கள் சொந்த மைதானம், பலமான எதிரணி. எல்லாம் சரி.

அதற்கு முந்திய வியாழக்கிழமை நாங்கள் பயிற்சிக்கு வந்தபோது தலைவர் அதே சிரிப்போடு சொன்னார். நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களின் நட்பு ஆட்டம் ஒன்று வந்துவிட்டதாம். வெளியூரிலிருந்து பழைய நண்பர்கள் வருகிறார்களாம். மைதானம் அவர்களுக்கு. கமராவும் அவர்களுக்கு, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டுமாம். எங்கள் ஆட்டம் லவாலில் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது.

"அவளின்ர வாழ்க்கை இதில இருக்கு எண்டு உங்களுக்குச் சொன்னனாங்கள்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் கத்தினேன்.

"அடுத்த கிழமை எடுத்துத் தருகிறேன்."

"அடுத்த கிழமை மாதம் முடிஞ்சிடும்."

"நீங்கள் கொஞ்சம் அமைதியாக இருக்க வேண்டும்" என்றார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. தொந்தி வைத்த நாற்பது வயதுக்காரர்கள் மூச்சு வாங்குவதைப் பதிய ஒரு கமரா, நாட்டுக்காக ஆடியவளுக்குப் புல்லுக் கருகிய பள்ளிக்கூட மைதானம். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்து கோபத்தோடு கோபமாக வீடியோ அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் அவரைத் தெரியாத தமிழ் ஆட்கள் இல்லை. கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள், முருகன் கோயில் தேர் எல்லாம் அவர்தான். ஜெர்மனிக்கும் இலண்டனுக்கும் போகிற வீடியோக்கள் அங்கே ஓடுகிற முறையில் அடித்துக் கொடுக்கவும் அவருக்குத் தெரியும்.

"சனிக்கிழமை பின்னேரம் எனக்கு ஒரு கலியாணம் கிடக்கு. காலமை எண்டா வாறன்" என்றார். "என்னத்தை எடுக்க வேணும்?"

"உதைபந்தாட்டம் அண்ணை. எங்கட அணியில ஒரு அயர்லாந்துப் பிள்ளை விளையாடுறா. அவவைப் பாத்துத்தான் நாட்டுக்கு எடுக்கப்போகினம். அவவைத்தான் நல்லாக் காட்ட வேணும்."

"ஓம் ஓம், விளங்குது. அதை என்னட்டை விடு பிள்ளை."

அவருக்கு நன்றாகவே விளங்கியது. அதுதான் கோதாரி.

சனிக்கிழமை லவாலில் அவள் ஆடியதைப் போல ஒரு ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. எதிரணியில் மின்னல் மாதிரி ஓடுகிற ஒருத்தி இருந்தாள். அவளை ஆட்டம் முழுவதும் ஓஃப் சைட்டில் நிறுத்தி நிறுத்தி அழவைத்தோம். முடிகிற நேரம் நான் வழுக்கி விழுந்து என் பக்கம் திறந்துகொண்டது. அந்த மின்னல்காரி தனியாகக் கோலை நோக்கி ஓட, இவள் மைதானத்தைக் குறுக்காக வெட்டி ஓடி வந்து, ஆளைத் தொடாமல் பந்தை மட்டும் காலால் துடைத்து எடுத்தாள். எழும்பி நின்று, "ஏறு" என்றாள். ஒன்றுக்குச் சைபர் என்று வென்றோம்.

வீடியோ அண்ணை அரக்கப்பரக்க ஓடித்திரிந்து எடுத்ததை நானும் கண்டேன். ஒரு முறை கோட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டார், நடுவர் விரட்டினார். பந்து வெளியே போன நேரத்தில் அவளைப் பார்த்து, "இஞ்ச திரும்புங்கோ பிள்ளை, ஒரு சிரிப்பு" என்று தமிழில் சொன்னார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை டிவிடி வந்தது. அவளும் நானும் அம்மாவும் எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்து பார்த்தோம். ரோசாப்பூ, இதயம், பாட்டு. அதற்குப் பிறகு அவளுடைய முகம். அவள் சப்பாத்துக் கட்டுகிறாள், கிட்டத்தில். தண்ணீர் குடிக்கிறாள், இன்னும் கிட்டத்தில். ஆட்டம் தொடங்குகிறது, திரை முழுக்க அவளுடைய கன்னம். அவள் எதையோ பார்த்துக் கத்துகிறாள், எதைப் பார்க்கிறாள் என்று தெரியாது, என்ன கத்துகிறாள் என்றும் தெரியாது, ஏனென்றால் சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டிருந்தார். அவள் ஓடுகிறாள், ஏன் ஓடுகிறாள்? பக்கத்தில் நின்ற மூன்று பேரும் எங்கே? கோடு எங்கே? ஒரு கலியாணப் பொம்பிளையை எப்படி எடுப்பாரோ அப்படியே எடுத்திருந்தார். மணவறையில் பொம்பிளையின் முகம் தெரிந்தால் போதும், மண்டபத்தின் மறுபக்கம் யார் நிற்கிறார்கள் என்று யாருக்குத் தேவை?

கடைசிக் கட்டத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நான் விழுந்தேனே, அவள் குறுக்காக ஓடி வந்தாளே, அது. அந்த நேரத்தில் திரையில் பார்வையாளர்கள் வந்தார்கள். மரநிழலில் இருந்தவர்கள், தள்ளுவண்டியில் குழந்தை, சிப்ஸ் தின்னுகிற பெடியன்கள், எதிரணியின் தாய்மார், நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கிழவர், எல்லாரையும் ஒருவர் விடாமல் வரிசையாகக் காட்டியிருந்தார். முடிகிற நேரத்தில் சபையைச் சுற்றி எடுப்பது அவருடைய வழக்கம். வந்த ஆட்களில் யாராவது வீடியோவில் இல்லையென்றால் வருடக்கணக்காகக் கதை கேட்க வேண்டிவரும் அல்லவா?

"வடிவா எடுத்திருக்கிறான்" என்றார் அம்மா.

அயர்லாந்துக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள். "நாங்கள் நாலு பேரும் ஒண்டா நிக்கிற இடம் ஒண்டாவது இதில இருக்கோ?"

இல்லை. நான் உடுப்பைக் கூட மாற்றாமல் வீடியோ அண்ணையின் கடைக்கு ஓடினேன். வெட்டாத, பாட்டுப் போடாத அசல் கசெட்டையாவது தாருங்கள் என்றேன். டிவிடி அடித்து முடித்த கையோடு அதே கசெட்டின் மேல் ஒரு பிறந்தநாளை எடுத்துவிட்டார். கசெட்டுகளை அவர் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பாவிப்பார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று வாய் நிறையத் திட்டினேன். அவர் உண்மையாகவே குழம்பிப்போய் நின்றார்.

"நீதானே பிள்ளை அவவை நல்லாக் காட்டச் சொன்னனீ? ஒரு இடத்திலயும் அவவை விடேல்லையே."

அவருடைய முகத்தைப் பார்த்து மேலே திட்ட முடியவில்லை. ஒரு சதம் வாங்காமல் எடுத்துத் தந்த மனிசன். திட்ட வேண்டியவர் கம்பத்தையும் கமராவையும் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டியவர். அவரை நினைக்க நினைக்க வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் பல் நறநறத்தது.

அனுப்பாதே என்று நான் அவளிடம் சொன்னேன். மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. "ஒண்டுமில்லாததுக்கு இது பறவாயில்லை" என்று சொல்லி, விளக்கம் எழுதி, விரைவுத் தபாலில் அனுப்பினாள்.

புரட்டாதி நடுவில் ஒரு பின்னேரம் வந்தாள். கதவைத் திறந்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. மேலாளர் ரெலிபோனில் கதைத்தாராம். அந்த வீடியோவிலிருந்து எதையும் சொல்ல முடியாது என்றாராம். அலுவலகத்தில் எல்லாரும் பார்த்துச் சிரித்தார்களாம், நல்ல பம்பலாக இருந்ததாம். அவளுடைய இடத்துக்கு வேறொரு பிள்ளையை எடுத்தாயிற்று. இவ்வளவு காலம் செய்ததற்கு நன்றி.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"இன்னுமொண்டு" என்று சொல்லித் தோள்பையைத் திறந்தாள். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு ட்ராக்சூட் மடித்துக் கிடந்தது. நாட்டுக் குழுவின் உடுப்பு. நாலு வருடமாகப் போட்டு முழங்கை மினுங்கிப்போயிருந்தது. இவளுடைய இடத்துக்கு வருகிற பிள்ளைக்கு அதே அளவாம். கழுவித் திருப்பி அனுப்பச் சொன்னார்களாம்.

அடுத்த நாள் பயிற்சிக்குப் போய்க் கழகத் தலைவரைப் பிடித்தேன். உங்களால்தான் இவள் நாட்டை இழந்தாள் என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். "எங்கள் கமராவில் எடுத்திருந்தாலும் காட்ட என்ன இருந்தது? அவள் ஒரு கோலும் அடிக்கவில்லையே" என்றார். அந்த மனிதர் எங்கள் கழகத்தின் தலைவர். அணியின் உடுப்பை அவருடைய மேசையில் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே போட்டிருந்த பனியனோடு பார்க் மெட்ரோ வரைக்கும் நடந்தேன். அதன் பிறகு அந்தக் கழகத்துக்கு நான் ஆடவில்லை.

அந்த ஞாயிறு அவள் எங்கள் வீட்டில்தான் ட்ராக்சூட்டைக் கழுவினாள், அவளுடைய அறையில் மெஷின் இல்லை. காய்ந்ததும் மடித்துப் பெட்டிக்குள் வைக்கப்போனாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னத்துக்கு உந்த உடுப்பைப் பெட்டியில வைக்கிறா?" என்று கேட்டார். அதுவரை அம்மாவிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். பதினெட்டு வயதில் தொடங்கியது, வேலை போனது, கமரா, அலுவலகத்தில் சிரித்தது, இப்போது இந்த உடுப்பு. அம்மா அடுப்பை நிறுத்தினார்.

"சிரிச்சவையாமோ?"

"ஓம்."

"போட்ட உடுப்பைக் கழட்டித் தா எண்டவையாமோ?"

அம்மா வந்து ட்ராக்சூட்டை எடுத்து மேசையில் விரித்தார். நெஞ்சின் இடது பக்கம் நாட்டுக் குழுவின் சின்னம் தைத்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார். அம்மா அப்போது சபனல் வீதியில் ஒரு தையல் ஃபக்டரியில் வேலை செய்தார். கைப்பையிலிருந்து நூல் வெட்டுகிற சின்னக் கத்தியை எடுத்து, சின்னத்தின் ஓரத்தில் நுழைத்து, நூலை ஒவ்வொன்றாக அறுக்கத் தொடங்கினார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அயர்லாந்துக்காரி அசையாமல் நின்றாள்.

சின்னம் துணியை விட்டுக் கழன்று வந்தது. பின்னால் ஒட்டியிருந்த நூலையெல்லாம் பிடுங்கித் துடைத்துவிட்டு, அம்மா அதை அவளுடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"உடுப்பைத்தானே கேட்டவை. உடுப்பை அனுப்பு. இது உன்ர" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவள் அந்தக் கையைத் திறக்காமலே கதிரையில் இருந்து அழத் தொடங்கினாள். வீடியோவுக்கும் அழாதவள், ரெலிபோனுக்கும் அழாதவள்.

அம்மா அதைக் கவனிக்கவில்லை. ஈரத் துணி போட்டு, ஊசி போன ஓட்டைகள் மறையும் வரைக்கும் ட்ராக்சூட்டின் நெஞ்சில் இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டு நின்றார். அம்மா இவ்வளவு கோபமாக இருந்து நான் கண்டதில்லை.

"கேட்டினம் எண்டா" என்றார், "உங்களிட்டை வாங்கேக்கையே சின்னம் இல்லை எண்டு சொல்லச் சொல்லு."